கலர்த்தண்ணிக் கடைக்குப் பெயர் வைத்த ஆயம்மா

என் கடை வாசலில் பலகை இருக்கிறது. "ஸ்ரீ கதிர்வேல் ஸ்டோர்ஸ்" என்று மஞ்சள் பெயின்ட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு வேலும் வரைந்திருக்கிறது. லுணுகலையில் ஆள் பிடித்து எழுதி வாங்கியது. ஆனால் இந்தத் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் ஒருத்தர் வாயிலும் அந்தப் பெயர் வந்ததில்லை. பாண் வாங்கப் பிள்ளையை அனுப்பினாலும் "கலர்த்தண்ணிக் கடையில வாங்கிட்டு ஓடியா" என்றுதான் அனுப்புகிறார்கள். கரண்ட் பில் கொண்டு வருகிற பையன் புதிதாக வந்தபோது, தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு லயம் நின்று "கலர்த்தண்ணிக் கடை எது" என்று கேட்டுக்கொண்டு வந்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

இந்தப் பெயரை வைத்தது புள்ளக்காம்பரா ஜெயலெட்சுமி ஆயம்மா. போன கார்த்திகையில் அந்தம்மா செத்துப்போனார். பெயர் சாகவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. இருந்தாலும் அவரைப் பற்றிச் சொல்ல வேறு ஆளும் இல்லை. அதனால் சொல்கிறேன்.

புள்ளக்காம்பரா என்றால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடம் அது. ஆயம்மா முதலில் கொழுந்தெடுத்தவர்தான். மழையில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. கூடை தூக்க முடியாத ஆளைப் பிள்ளை தூக்கப் போட்டார்கள். அதற்கும் அதே தோள்தானே வேண்டும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. அந்தம்மா இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். கடைசி வரைக்கும் பிள்ளை இடது பக்கம்தான்.

அவருக்கு ஒரே மகன், ஜெயரூபன். பண்டாரவளையில் பேக்கரி வேலை. புருசன் சீக்கிரமே போய்விட்டார். தனி ஆள் என்று பரிதாபப்பட்டுப் பேசினால் ஆயம்மாவுக்குப் பிடிக்காது. "எனக்கு இந்த டிவிசன்ல இல்லாத புள்ளையா" என்பார். அது பொய்யில்லை. இங்கே நாற்பது வயதுக்குக் கீழே உள்ள எல்லாரும் அந்தத் தொட்டிலில் கிடந்தவர்கள்தான். கங்காணியும் சரி, டிரைவரும் சரி, சங்கத்துத் தலைவரும் சரி, ஆயம்மா முன்னால் வந்தால் வேட்டி அவிழ்ந்தவன் மாதிரி நிற்பார்கள். நான் மட்டும்தான் தப்பினேன். நான் பெரகலைக்காரன், பெண் எடுத்து இங்கே வந்தவன். அவர் கை என்மேல் பட்டதில்லை. அதனால் எனக்கு அவரிடம் பயம் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தம்மாவிடம் ஒரு பழக்கம். பிள்ளைகளிடம் கொஞ்சிப் பேச மாட்டார். பெரிய ஆளிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவார். தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "நேத்து துரை பெரட்டுல என்ன சொன்னாருன்னு கேட்டியா? மழைக்கும் லீவு இல்லையாம். நீ என்ன நெனைக்கிற?" என்று ஆறு மாதப் பிள்ளையிடம் கேட்பார். பிள்ளை காலை உதைக்கும். "அதான் நானும் சொல்றேன்" என்பார்.

இப்போது கலர்த்தண்ணிக் கதைக்கு வருகிறேன்.

அப்போது என் கடையில் நன்றாக ஓடிய சாமான் சொக்லட் பால் பெக்கட். ஸ்ட்ரோ குத்திக் குடிக்கிற சின்ன அட்டைப் பெட்டி. முன்னால் ஒரு மாடும் ஒரு கிளாஸும் படமாக இருக்கும். பிரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் கெடாது. என் மாதிரிக் கடைக்காரனுக்கு அது வரம். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற தாய்மார் வாங்கிக்கொண்டு போவார்கள். அதில் தனுஜா என்ற பெண் தினமும் ஒன்று வாங்கும். புருசன் கொழும்பில் கடை வேலை. லோஜிதா என்று ஒன்பது மாதப் பெண் பிள்ளை. பிள்ளை பால் குடிக்கட்டும் என்று ஒருநாளும் பெக்கட் இல்லை என்று சொல்லாமல் ஒன்றை எடுத்து ஒதுக்கி வைப்பேன்.

தனுஜா அதை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. நம் ஆட்களுக்குப் பால் என்றால் பால்மா. பால்மா என்றால் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். அந்தப் பழக்கம் கையிலேயே ஊறிப்போனது. பெட்டிக்குள் இருப்பது கெட்டியாக, இனிப்பாக இருந்ததால், இதுவும் கரைக்கிற சாமான்தான் என்று தனுஜா நினைத்திருக்கிறது. பாதிப் பெக்கட்டைப் போத்தலில் ஊற்றி, மேலே சுடுதண்ணீர் விட்டு நிரப்பிக் காலைக்கு ஒன்று. மிச்சப் பாதியில் அதே மாதிரி பத்து மணிக்கு ஒன்று. லயத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் இதைப் பார்த்து இப்படியே செய்தார்கள். சிக்கனமான பொம்பளைகள். அதில் என்ன பிழை சொல்வது.

பிள்ளை நிறுக்கிற நாளில் எடை ஏறவில்லை. அடுத்த மாதமும் ஏறவில்லை. அதற்கு அடுத்த மாதம் இறங்கியது. அட்டையில் இருக்கிற எடைக்கோடு படுத்துவிட்டது என்று பிள்ளை நிறுக்க வருகிற மிட்வைப் மிஸ்ஸி சொன்னார். இப்படியே போனால் பதுளைப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். தனுஜா அழுதது. "ரெண்டு வேளையும் போத்தல் நெறையக் குடிக்குதே ஆயம்மா" என்றது.

ஆயம்மா அந்தப் போத்தலை வாங்கி, உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தார்.

நான் பேக்கரியில் இருந்து வந்த பாண் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் பத்துப் பேர் நின்றார்கள்.

"ஏப்பா வீரசிங்கம், கலர்த்தண்ணியப் பாலுன்னு விக்கிறியாமே?"

"யாரு சொன்னா?"

"என் நாக்கு சொல்லுது."

"ஆயம்மா, பெட்டியில பாலுன்னு போட்டிருக்கு. மாட்டுப் படம் வேற போட்டிருக்கு. பாருங்க."

"உன் கடையில துணி தோய்க்கிற சவுக்காரத்துல தேசிக்காப் படம் போட்டிருக்கு. ஊறுகா போட்டுச் சாப்புடுவியா?"

வாசலில் நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். அதில் எனக்குப் பெண் கொடுத்த மாமனாரும் ஒருத்தர்.

"நான் சீல் உடைக்காமக் குடுக்கறேன். ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினது கிடையாது. ஊத்தினவங்களப் போய்க் கேளுங்க" என்றேன். சரியாகத்தான் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

"கலர்த்தண்ணிக் கடைக்காரனுக்குக் கோவத்தப் பாரு" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஆயம்மா இறங்கிப் போனார். அவ்வளவுதான். அன்று மத்தியானத்துக்குள் அது என் கடைக்குப் பெயராகிவிட்டது.

நான்கு நாள் கழித்து மிட்வைப் மிஸ்ஸி தயானி மறுபடி வந்தார். ஆயம்மா எனக்கு ஆள் அனுப்பினார். "சாட்சிய எடுத்துக்கிட்டு வரச் சொல்லு" என்று. சாட்சி என்றால் சீல் உடைக்காத பெக்கட். நான் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கும் ஒரு நியாயம் கிடைக்க வேண்டுமே. சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

புள்ளக்காம்பராவில் தாய்மார் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ்ஸி பெக்கட்டைத் திருப்பினார். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, மூன்று பாசையிலும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அத்தனை வருசம் அதை விற்றும் அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. மாட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

மிஸ்ஸி வாசித்தார். "தண்ணீர், ஆடை நீக்கிய பால்மா, சீனி, கொக்கோத் தூள், நிலைப்படுத்தி, சுவையூட்டி, உப்பு. எது கூட இருக்கோ அத முதல்ல போடுவாங்க. குறையக் குறையப் பின்னால வரும்."

"மொதல்ல தண்ணி" என்றார் ஆயம்மா. என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான் சொன்னேன்ல."

"அவசரப்படாதீங்க ஆயம்மா. பசும்பால்லயும் முக்காவாசிக்கு மேல தண்ணிதான்."

ஆயம்மா பெக்கட்டை வாங்கி ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். "சரி. அந்தக் கொக்கோதான் சூடு. அதுதான் புள்ளைய உருக்குது."

"கொக்கோ ஒரு துளிதான் ஆயம்மா. அதுல எடை எறங்காது."

"அந்த நிலைப்படுத்தி?"

"கொக்கோ அடியில போய்த் தங்காம இருக்கப் போடுற பசை. கடற்பாசியில இருந்துகூட எடுப்பாங்க. வெசம் ஒண்ணும் இல்ல."

மூன்று அடி அடித்து மூன்றும் வெளியே போனது. எனக்குச் சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம். "அப்ப நல்ல சாமான்தானே மிஸ்ஸி" என்று கேட்டேன்.

"பெரிய புள்ளைக்கு எப்பயாவது ஒண்ணு குடுத்தாக் குத்தமில்ல. இந்தப் பெட்டியில ஒரு முட்டையில இருக்கறதுக்குக் கொஞ்சம் கொறைவா புரதம் இருக்கு. சுண்ணாம்புச் சத்து இருக்கு. அதோட நாலு தேக்கரண்டி சீனியும் இருக்கு. அதுல ஒண்ணு ஒண்ணரை பாலோட சொந்தச் சீனி. மிச்சம் போட்டது." மிஸ்ஸி போத்தலைத் தூக்கிக் காட்டினார். "ஆனா ஒரு வயசு ஆகாத புள்ளைக்கு இது சாப்பாடே இல்ல. இதுல தண்ணியும் ஊத்துனா, இருக்கற சத்து பாதியாப் போயிரும். வயிறு மட்டும் நெறையும். நெறைஞ்ச வயித்தோட புள்ள தூங்கிரும். கஞ்சி வேணான்னும். தாய்ப்பாலும் வேணான்னும். கடைக்காரர் மேல பிழையில்ல, பெட்டி மேலயும் பிழையில்ல."

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்" என்றேன் நான். "கடைக்காரர் மேல பிழையில்ல."

"கேட்டோம், கேட்டோம்" என்றார் ஆயம்மா. "ஒக்காரு."

அப்போதுதான் தனுஜா வாயைத் திறந்தது. பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே சொன்னது. "போத்தல் குடுக்க எனக்கு மட்டும் ஆசையா மிஸ்ஸி? பத்து மணிக்கு வந்து பால் குடுக்க விடுறாங்கதான். ஆனா எங்க கேங்கை மேமலையிலதான போடுறாங்க. எறங்கி வர முக்கா மணி, ஏற ஒரு மணி. வந்தா அன்னைக்கிக் கிலோ பத்தாது, அரைப்பேரு போட்டுப் பாதிச் சம்பளம்தான் தருவாங்க. வராட்டி மாருல பால் கட்டிக்கிட்டு நிக்கிது. பீச்சித் தேயிலைத் தூர்லதான் விடுறேன். இப்ப அதுவும் கொறைஞ்சுபோச்சு. அதான் போத்தல்."

மிஸ்ஸி, பால் முழுசாக வற்றுவதற்குள் பிள்ளையை மாரில் போட்டால் திரும்பச் சுரக்கும் என்றார். நாள் தள்ளினால் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். ஆயம்மா லோஜிதாவைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, "கேட்டியாடி? குத்தம் போத்தல்ல இல்லையாம், மலையிலயாம்" என்றார்.

மறுநாள் விடிய பெரட்டுக் களத்தில், கங்காணி சுரேஸ் பெயர் கூப்பிடுகிற இடத்தில், ஆயம்மா பிள்ளையோடு போய் நின்றார். பால் கொடுக்கிற பொம்பளைகளைக் கிட்டத்து மலையில் போடு என்று கேட்டார். சுரேஸ் நல்ல பையன். ஆனால் கங்காணி.

"ஆயம்மா, கொழுந்து எங்க முத்துதோ அங்கதான் ஆளப் போட முடியும். எனக்கு மேல ஆள் இருக்கு."

"உனக்கு மேல ஆள் இருக்கறது எனக்குத் தெரியும்டா. உனக்குக் கீழ கழுவிவிட்டதும் நான்தான்."

பெரட்டே சிரித்தது. சுரேஸும் சிரித்தான். ஆனாலும் தனுஜாவின் பெயரை எட்டாம் நம்பருக்குத்தான் கூப்பிட்டான். அதுதான் மேமலை.

ஆயம்மா அங்கிருந்து இறங்கி என் கடைக்கு வந்தார். நான் லுணுகலைக்குச் சாமான் எடுக்கப் போக ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஓட்டோவுல எண்ணெய் இருக்கா?"

"கலர்த்தண்ணிக் கடைக்காரன்கிட்ட உங்களுக்கு என்ன ஆயம்மா வேலை?"

"உன்கிட்டதான ஓட்டோ இருக்கு. அந்தப் பொட்டி கிட்டி எல்லாம் எறக்கி வையி. பத்து மணிக்கு வாசல்ல நிக்கணும்."

"நான் சாமானுக்குப் போகணும்."

"போ. பத்து மணிக்கு வந்துரு."

ஏன் சரி என்று சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவர் கை படாத ஆள் நான். இருந்தும் வந்து நின்றேன். பின் சீட்டில் ஆயம்மா இடது இடுப்பில் லோஜிதாவோடு ஏறினார். உதவிக்கு இருக்கிற பொம்பளை இன்னும் இரண்டு கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறியது. மேமலை ரோடு ரோடே இல்லை. கல்லும் தண்ணீர் அரித்த பள்ளமும்தான். முதல் கியரில் உருட்டிக்கொண்டு போனேன். பாண் பெட்டியை ஏற்றிப் பழகின கை. பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனதில் வேர்த்துவிட்டது. பின்னால் ஆயம்மா பிள்ளைகளுக்கு மலை காட்டிக்கொண்டே வந்தார். "இது ஆறாம் நம்பர். இங்கதான் நான் விழுந்தேன். அது ஏழு. ரத்தம் குடிக்கிற அட்டை நெறைய. உங்க ஆத்தாமாரு காலப் பாருங்க, தெரியும்."

எட்டாம் நம்பரில் ஹோர்ன் அடித்தேன். நிரைக்குள் இருந்து எல்லாத் தலையும் நிமிர்ந்தது. சுரேஸ் கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"ஆயம்மா, இது என்ன வேலை? மலைக்குப் புள்ளையக் கொண்டுவரலாமா? துரை பாத்தா என் வேலை போயிரும்."

"ஆத்தா புள்ளகிட்ட வர முடியாதுன்னு நீதான சொன்ன. அதான் புள்ள ஆத்தாகிட்ட வந்திருச்சி. துரை கேட்டாருன்னா என்னையக் காட்டு."

"ஓட்டோ யாரோடது?"

"கலர்த்தண்ணியோடது" என்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தனுஜா கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்தது. கை முழுக்கக் கொழுந்துக் கறை. ஆயம்மா போத்தல் தண்ணீரில் கையைக் கழுவச் சொன்னார். பிறகு ஓட்டோவின் பின் சீட்டில் உட்காரச் சொல்லி, தன் துண்டை இரண்டு பக்கமும் திரையாகக் கட்டினார். முதலில் லோஜிதா முகத்தைத் திருப்பிக்கொண்டது. போத்தலின் இனிப்புக்குப் பழகின வாய். கத்தியது. தனுஜாவும் அழுதது. ஆயம்மா திரைக்கு வெளியே நின்று, "கத்தட்டும். கத்துனாப் பசிக்கும். பசிச்சாப் புடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் சுரேஸும் கீழே சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு கத்தல் நின்றது. சுரேஸ் கம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "புடிச்சிருச்சா?" என்று என்னிடம் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும். திரைக்குள்ளிருந்து தனுஜாதான் சொன்னது. "ம்."

மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். நாலாம் நாள் துரை இருக்கிற கந்தோரில் பேச்சு வந்தது. யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. பால் கொடுக்கிறவர்களை முடிந்த வரைக்கும் கிட்டத்து மலையில் போட வேண்டும் என்று ஆனது. முடியாத நாளில் ஓட்டோ போகலாம் என்றும் ஆனது. என் ஓட்டோவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆயம்மா ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்.

லோஜிதாவின் கோடு உடனே ஏறவில்லை. முதல் மாதம் நின்றது. நின்றதே நல்லது என்றார் மிஸ்ஸி. ஆயம்மா பருப்பும் சோறும் குழைத்து, முட்டை மஞ்சள் கரு கலந்து, கரண்டியால் ஊட்டினார். போத்தலை எடுத்து ஒளித்துவிட்டார். அதற்கு அடுத்த மாதம் கோடு நிமிர்ந்தது. அப்புறம் படுக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

இப்போது லோஜிதா முதலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வருகிறபோது சில நாள் கடையில் ஏறி, மேசையைத் தட்டி, "மாமா, ஒரு கலர்த்தண்ணி" என்று கேட்கும். யாரால் இந்தப் பெயர் வந்ததோ அந்தப் பிள்ளையே கேட்கிறது. நான் கொடுக்கிறேன். நான் அந்தப் பெக்கட்டை விற்பதை நிறுத்தவே இல்லை. ஆயம்மாவும் நிறுத்தச் சொன்னதில்லை. ஆனால் கைப்பிள்ளைத் தாய் யாராவது கேட்டால், "யாருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். பிள்ளைக்கு என்றால் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தை மெதுவாக வாசித்துக் காட்டுவேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறேன். "நிலைப்படுத்தி" இப்போது தடுக்குவதில்லை.

போன வருசம் ஆயம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். பதுளைக்கு என் ஓட்டோவில்தான் போனார். வோர்ட்டில் இரண்டு கிழமை, பதினாலு நாள். ஜெயரூபன் வந்து கூட இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற நேரத்துக்கு நான் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"மெல்ல முடியல. உன் கடைச் சாமான் ஒண்ணும் இல்லையா?"

"எது?"

"அதான்பா. கலர்த்தண்ணி."

நர்ஸிடம் கேட்டேன். கொஞ்சம் குடிக்கலாம் என்றார். கீழே கென்டீனில் அதே பெக்கட் இருந்தது, அதே மாடு. ஸ்ட்ரோவைக் குத்திக் கொடுத்தேன். இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு நிறுத்தினார்.

"எப்படி இருக்கு?" என்றேன். இத்தனை வருசத்துக்கு ஒரு நல்ல வார்த்தை வரும் என்று பார்த்தேன்.

"சீனி ரொம்பக் கூட" என்றார். மிச்சத்தையும் உறிஞ்சிக் குடித்துவிட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

மணி அடித்துவிட்டார்கள். எழும்பினேன். "நாளைக்கும் வர்றேன் ஆயம்மா" என்றேன்.

"நாளைக்கு வராத" என்றார். "நாளைக்கு எட்டாம் நம்பராம். கைப்புள்ளைங்க ரெண்டு இருக்கு. பத்து மணிக்கு ஓட்டோவக் காம்பரா வாசல்ல வையி."